கண்ணாடி நலம்

பிப்ரவரி 3, திங்கள்

புது நோட்டு. பழைய நீல அட்டை நோட்டில் இன்னும் முப்பது பக்கம் காலியாகக் கிடக்கிறதே, அதிலேயே எழுதலாமே என்று பிலோமினா கேட்டாள். இருபத்தேழு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். நேராகக் கடைக்குப் போய் இதை வாங்கி வந்தேன்.

இன்று முதலாளி எடுத்த இடிப்பு வேலை தொடங்கியது, மேற்பார்வை நான். எழுபது எண்பது வருடத்து மாடி வீடு. இடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பக்கத்து வீட்டை நிற்கவிட்டு இடிப்பதுதான் வித்தை. மதுரையின் இந்தப் பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நம் மாடியைத் தாங்குகிற தேக்குக் கட்டைகளும் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும், அவர்கள் மாடியைத் தாங்குகிற கட்டைகளும் அதே சுவரில்தான். நம் பக்கத்தை எடுத்தால் சுவர் ஒரு கை போன ஆளாகிவிடும்.

மேஸ்திரி காசிமாயனை நிற்கவைத்துச் சொன்னேன்: மேலிருந்து கீழே, கைச் சம்மட்டி மட்டும், மிஷின் கூடாது. இடித்த கல்லைத் தளத்தில் குவிக்கக் கூடாது. தேக்குக் கட்டையைச் சுவரிலிருந்து உருவக் கூடாது, ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். "சரிண்ணே, சரிண்ணே" என்றான். அவன் இரண்டு தடவை சரி சொன்னால் நான் முதலிலிருந்து திரும்பச் சொல்வேன்.

சுவருக்குச் சாய்வாக முட்டுக் கொடுக்க இரும்பு கேட்டிருக்கிறேன். "வரும்யா" என்றார் முதலாளி.

பிப்ரவரி 5, புதன்

பக்கத்து வீட்டு மாடிக்குப் போனேன். குடியிருப்பது மங்கையர்க்கரசி டீச்சர், வயது அறுபதுக்குள் இருக்கும். பள்ளிக்கூட வேலை முடிந்து இப்போது டியூஷன். கணவர் தாமோதரன், பஸ் கண்டக்டராக இருந்தவர், பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் நன்றாக வேலை செய்கிறது. அவர் கட்டில் கிடப்பது அந்தப் பொதுச் சுவரை ஒட்டி. வேறு எங்கே போடுவது, இருப்பதே ஒரு அறை.

சுவரில் பழைய விரிசல் மூன்று இடத்தில். மூன்றிலும் கண்ணாடி ஒட்டினேன். விரல் அகலம், ஒரு சாண் நீளம், விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு நுனியிலும் பி.ஓ.பி. பிளாஸ்டர் குழைத்து அப்ப வேண்டும். சுவர் அரை நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். பிளாஸ்டர் மேல் பென்சிலால் தேதி: 5-2.

டீச்சர் கூடவே நின்று பார்த்தார்.

"மாவு மாதிரி இருக்கே, இது என்ன சார்?"

சும்மா இருந்திருக்கலாம். டீச்சருக்கே பாடம் எடுத்தேன். "இதா டீச்சர்? எந்தப் பெயிண்ட் கடையிலயும் கெடைக்கும். தண்ணி விட்டுக் குழைச்சா பத்து நிமிசத்துல கல்லாயிரும்."

"கண்ணாடி ஒடஞ்சா என்ன செய்வீங்க?"

"வேலைய நிப்பாட்டிருவேன். உங்க ரெண்டு பேரையும் ஒரு மணி நேரத்துல கீழ எறக்கிருவேன்."

"திரும்ப எப்ப வரலாம்?"

"அது உங்க வீட்டு ஓனரப் பொறுத்தது."

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். காபி கொடுத்தார். நல்ல காபி. வீட்டில் கிடைப்பதில்லை என்று எழுதினால் பிலோமினா படித்துவிடுவாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

கண்ணாடி நலம்.

டீச்சர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் திருவேங்கடம் வந்தார். கீழ்த்தளத்தில் அவருடைய பாத்திரக் கிடங்கு, மாடி டீச்சருக்கு வாடகை. "எங்க செவத்துல விரிசல் ஒண்ணும் பெருசாகலையா?" என்று கேட்டார். கவலையாகக் கேட்பார்கள் என்றுதான் நினைப்போம். மனுசன் ஆசையாகக் கேட்டார்.

"ஆறு வருசமாக் காலி பண்ணச் சொல்றேன். இருபத்தாறு வருசமா இருக்கோம்னு அந்தம்மா சட்டம் பேசுது. வீடு ஆபத்துன்னு நீங்க ஒரு பேப்பர் குடுத்தாப் போதும். ஒருநாள் எறங்குச்சுன்னா நான் பூட்டிருவேன்."

"கண்ணாடி ஒடையல சார்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நல்ல மனிதர், நூறு வருடம் இருக்கட்டும், எனக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பிப்ரவரி 10, திங்கள்

சனிக்கிழமை திண்டுக்கல்லில் தங்கை பேத்திக்கு ஞானஸ்நானம். போகாமல் முடியாது. இன்று வந்து பார்த்தால் வாசலில் ஐந்து தேக்குக் கட்டை அடுக்கிக் கிடக்கிறது, நுனியில் ரம்பம் பட்ட தடமே இல்லை, முழுசு முழுசாக. உருவிவிட்டான்கள். சுவரில் ஐந்து பொத்தல்.

"எவன்டா உருவச் சொன்னது?"

"மொதலாளிண்ணே. அறுத்தா தேக்கு நீளம் கொறையுதாம். முழுசா வேணுமாம்."

காசிமாயனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். மாடிப்படி பாதியில் கால் நின்றுவிட்டது, மேலே போகப் பயமாக இருந்தது. போய்ப் பார்த்தேன். மூன்று கண்ணாடியும் அப்படியே இருந்தன. உட்கார்ந்துவிட்டேன். மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னேன் போலிருக்கிறது, டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிளாஸ்டர் மேல் தேதி எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்! என் கோழிக் கிறுக்கலுக்கு இப்படி ஒரு நாள். நானே மெச்சிக்கொண்டேன்.

சுவரில் டீச்சரின் கல்யாணப் போட்டோவுக்குச் சட்டம் மட்டும் இருக்கிறது, கண்ணாடி இல்லை. "தூசியில அழுக்காயிருச்சு, கழுவ எடுத்தேன், ஒடஞ்சுபோச்சு சார்" என்றார். எங்கள் வேலையால் வந்த தூசி. மன்னிப்புக் கேட்டேன்.

தாமோதரன் இன்று அமைதியாக இல்லை. நான் இருந்தவரை இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். பாவம், இடிக்கிற சத்தம் ஆகவில்லை போலும்.

உருவிய கட்டையைப் பொத்தலுக்குள் திரும்பச் சொருகவா முடியும்? செங்கல் வைத்து அடைத்தோம். முட்டு இரும்பு கேட்டு மறுபடியும் போன் செய்தேன். "கண்ணாடி ஒடஞ்சுச்சா?" என்றார் முதலாளி. இல்லை என்றேன். "பெறகென்னய்யா" என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கண்ணாடி நலம். தூசி, தலைவலி.

பிப்ரவரி 12, புதன்

கண்ணாடி நலம்.

காசிமாயன் சமாதானத்துக்காக எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தான். எந்தக் கடை என்றேன். சங்கையா கடை. வேண்டாம் என்றேன்.

"ஏண்ணே, ஏலக்கா டீ, நல்லா இருக்கும். பாவம் அந்தாளு. ஒத்தக் காலோட நின்னுக்கிட்டு ஆத்துறாரு. தன் டிரம்முத் தண்ணி கசிஞ்சு ஊறித்தான் கால்மேல செவரு விழுந்துச்சுன்னு இன்னமும் பொலம்புறாரு. அவரு பொஞ்சாதி அதுக்கு மேல, அந்த டிரம்ம வாங்கி வச்சது நாந்தானேன்னு."

எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். சைட்டுக்கு நான் சுற்றுவழியில் வருகிறேன் என்று பிலோமினா கண்டுபிடித்திருக்கிறாள். பெட்ரோல் காசு கரைகிறதாம். அந்தத் தெருவில் கூட்டம் ஜாஸ்தி, வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கண்ணாடி நலம்.

டீச்சர் வளையலில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. "சாக்பீஸ் சார்" என்றார். டியூஷன் பிள்ளைகளுக்கு வெள்ளைப் போர்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிப் போடுவதாகத்தான் ஞாபகம். இருக்கட்டும். முந்திரி போட்டு ரவா லட்டு கொடுத்தார், இரண்டு.

முதல் தளத்துத் தரையைப் பெயர்க்க நாளைக்கு நாள் குறித்தாயிற்று.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஒன்பதரை மணி. மாடிக்குப் போனேன். வாசலில் நின்றே மூன்றையும் எட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தன. காபி வருவதற்குள் தாமோதரன் பக்கத்தில் போய், "எப்படி இருக்கீங்க அண்ணாச்சி" என்றேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. இழுத்தார். என் கையைக் கொண்டுபோய்ச் சுவரில், கட்டிலுக்கு மேலே இருக்கும் இரண்டாம் நம்பர் கண்ணாடியின் பிளாஸ்டர் மேல் வைத்து அழுத்தினார்.

சில்லென்று இருந்தது.

ஒன்பது நாளைக்கு முன் அப்பிய பிளாஸ்டர் காய்ந்து சுண்ணாம்பாக இருக்க வேண்டும். இது ஈரம். கண்ணாடியை நகத்தால் தட்டினேன். மெல்லிசு. போட்டோவுக்குப் போடுகிற கண்ணாடி. தேதியைப் பார்த்தேன். 5-2, கோடு போட்டது போல நேராக. அட மடையா, உன் கையெழுத்து என்றைக்கடா இப்படி இருந்தது!

டீச்சர் காபி டம்ளரோடு நின்றிருந்தார்.

"டீச்சர், இது நான் ஒட்டுன கண்ணாடி இல்ல."

அவர் டம்ளரை வைத்தார். பொய் சொல்லவில்லை. முக்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க போவோம் சார்? இவரத் தூக்கிக்கிட்டு எங்க போவோம்? எறங்குனா பூட்டிருவேன்னு அந்தாளு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. திரும்ப வர்றது வீட்டு ஓனரப் பொறுத்ததுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"செவரு விழுந்தா திரும்ப வர்றதுக்கு நீங்களே இருக்க மாட்டீங்க டீச்சர்! இவரு இருக்க மாட்டாரு!" கத்திவிட்டேன். அந்த மனுசருக்கு முன்னால் கத்தினேன். அவர் என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"எத்தன தடவ ஒடஞ்சுச்சு?"

"மூணு தடவ" என்றார் டீச்சர். "சனிக்கிழம, செவ்வாக்கிழம, நேத்து."

கீழே ஓடி வேலையை நிறுத்தினேன். ஆட்களைத் தெருவுக்கு அனுப்பினேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் எங்கள் பக்கம் ஒன்றரை அங்குலம் தள்ளியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் டீச்சர் வீட்டுக் கட்டைகளின் நுனி சுவரைவிட்டு நழுவும். அந்தக் கட்டில், அந்த முக்காலி, சாயந்தரம் வந்து உட்காரும் பதினோரு பிள்ளைகள், எல்லாம் கிடங்குப் பாத்திரத்தின் மேல்தான். இன்றைக்குத் தரையைப் பெயர்க்க நாள் குறித்தவன் நான்.

பிலோமினாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் யாருக்கும் அடி இல்லையே என்று கேட்டாள். பிறகு, "இந்தத் தடவையாச்சும் முன்னாலேயே பாத்தீங்களே. ரெண்டு பேரையும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

தாமோதரனை நாற்காலியில் வைத்துக் காசிமாயனும் மூன்று பேரும் இறக்கினார்கள். டீச்சர் ஒரு சாமானையும் எடுக்கவில்லை. எடுத்தால் காலி செய்ததாகிவிடுமாம். தன் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆட்டோவில் கேட்டார், "எப்படிண்ணே கண்டுபுடிச்சீங்க?"

சார் போய் அண்ணன் ஆகியிருந்தேன்.

"ஈரம்" என்றேன். அது மட்டும் இல்லை. ஈரத்தைத் தொட்டால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, சனி

முதலாளியிடம் போனேன். முட்டு இரும்பு இன்றைக்கே வராவிட்டால் கார்ப்பரேஷன் எஞ்சினியரிடம் நானே எழுதிக் கொடுப்பேன் என்றேன். "என்னய்யா, புதுசாப் பேசுற?" என்றார். மதியம் இரும்பு வந்தது.

கிடங்கைத் திறக்கச் சொன்னேன். திருவேங்கடம் முனகிக்கொண்டே திறந்தார். டீச்சர் வீட்டுக் கட்டைகளுக்கு அடியில் வரிசையாக இரும்பு ஜாக்கி நிறுத்தினோம், பதினான்கு. சுவர் போனாலும் தளம் நிற்கும். அதற்கப்புறம்தான் எனக்குப் பச்சைத்தண்ணீர் இறங்கியது.

பிப்ரவரி 17, திங்கள்

எங்கள் பக்கமிருந்து சாய்வு முட்டு ஏழு, பலகை வைத்து. நானே ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன்.

திருவேங்கடம் கையில் புதுப் பூட்டோடு வந்தார். மாடிப்படியில் ஏறப் போனார். குறுக்கே கயிற்றைக் கட்டிவிட்டு நின்றேன்.

"என் வீடுய்யா இது."

"உங்க வீடுதான் சார். வேல முடியிற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது. தலையில ஒரு செங்கல் விழுந்தா அந்தப் பூட்ட நாங்க எங்க மாட்டுறது?"

காசிமாயன் சிரித்துத் தொலைத்துவிட்டான். நானும் ஒரு பேப்பர் கொடுத்தேன். அவர் கேட்ட பேப்பர் இல்லை. பழுது எங்கள் வேலையால் வந்தது, சரிசெய்து தருவோம், குடியிருப்பவர்கள் என் பேச்சின்பேரில் தற்காலிகமாக இறங்கியிருக்கிறார்கள், வேலை முடிந்ததும் திரும்பி வருவார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகல் கார்ப்பரேஷனுக்கும் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுப் பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

வீட்டில் சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்பதில் பிலோமினாவுக்கும் டீச்சருக்கும் சண்டை. காபி விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. தாமோதரன் டிவியில் கிரிக்கெட் பார்க்கிறார். நான் உள்ளே வந்தால் இடது கையைத் தூக்குகிறார்.

பொத்தல் எல்லாம் செங்கல், சிமெண்ட் வைத்துக் கட்டியாயிற்று. தளத்தை அங்குலம் அங்குலமாகப் பெயர்க்கிறோம். மீதிக் கட்டைகள் எல்லாம் ஒரு சாண் விட்டு அறுபடுகின்றன. முதலாளி வந்து அறுத்த தேக்கைச் சாண் போட்டு அளந்து பார்த்துவிட்டுப் போனார்.

புதுக் கண்ணாடி மூன்றும் நலம். தினமும் கை வைத்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

எங்கள் பக்கம் தரைமட்டம். நடுச்சுவர் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் மூன்று இடத்தில் சுவரை ஒட்டித் தூண் எழுப்பிப் பூசிவிட்டோம். கார்ப்பரேஷன் எஞ்சினியர் வந்து பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 3, திங்கள்

டீச்சர் தன் சாவியால் தன் பூட்டைத் திறந்தார். கதவைத் திறந்ததும் உள்ளே போகாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தாமோதரனின் நாற்காலியை முதலில் உள்ளே விடச் சொன்னார்.  

காபிக்குப் பிறகு ஒரு பொட்டலம் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி. உள்ளே மூன்று உடைந்த கண்ணாடி. ஒவ்வொன்றிலும் சின்னக் காகிதம் ஒட்டித் தேதியும் நேரமும். 8-2, மாலை 4.10. 11-2, காலை 11. 13-2, மதியம் 12.30.

"எதுக்கு டீச்சர் இத எடுத்து வச்சீங்க?"

"ஏதாச்சும் ஆயிருச்சுன்னா உங்க மேல பழி வந்துரக் கூடாதுல்லண்ணே. நான்தான் மாத்துனேன்னு தெரியணும்ல. எம்புத்தகப் பெட்டியில மேலாக்கத்தான் வச்சிருந்தேன்."

பொய்யை ஒட்டிய கையாலேயே உண்மையையும் மடித்து வைத்திருக்கிறார் இந்த அம்மாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

இந்த நோட்டைத் திருப்பினேன். 10, 11, 12, 13 தேதிகளில் கண்ணாடி நலம், அப்படியே இருந்தன என்றெல்லாம் எழுதியிருப்பது தவறு. கை வைத்துப் பார்க்காமல் எழுதியது.

பிறகு பீரோவைத் திறந்து மாதா படத்துக்குப் பின்னால் இருந்து நீல நோட்டை எடுத்தேன். பிலோமினா பார்த்துக்கொண்டே காய் நறுக்கினாள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய அக்டோபர் 18. கண்ணாடி நலம் என்றுதான் எழுதியிருக்கிறது, என் கோழிக் கிறுக்கலில். அன்று காலை கண்ணாடி உடைந்திருந்தது. சங்கையா கடைக்குப் பக்கத்து வீட்டை இடிக்கிற வேலை, இரண்டு நாள்தான் மிச்சம், முதலாளி போனில் காய்ச்சிக்கொண்டிருந்தார். அதே தகட்டில் வேறு துண்டு வெட்டி நானே ஒட்டினேன். பிளாஸ்டர் ஈரமாக இருந்தபோதே விரலால் தடவிப் பார்த்துவிட்டு நலம் என்று எழுதினேன். 20-ஆம் தேதி மதியம் மழையில் சுவர் சங்கையா கடைமேல் விழுந்தது. அவர் டிரம்முத் தண்ணீர் ஊறித்தான் விழுந்தது என்று யாரோ சொன்னார்கள். விசாரிக்க வந்தவர்கள் என்னிடம் கேட்டார்கள். நான் தலையாட்டினேன்.

அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: கண்ணாடி உடைந்திருந்தது. நான் மாற்றி ஒட்டினேன். சவரிமுத்து.

வேலை போகும். கேஸும் வரலாம். வரட்டும். "பாவசங்கீர்த்தனத்துக்கு சாமியார்கிட்ட நாளைக்காச்சும் போவீங்களா?" என்று பிலோமினா கேட்டாள். சாமியாரிடம் அப்புறம் என்றேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு நேர்வழியில் போனேன். கூட்டம் ஒன்றும் இல்லை அந்தத் தெருவில்.

"வாங்க சார், ரெண்டு வருசமா ஆளயே காணமே" என்றார் சங்கையா. கக்கத்துக் கட்டையை ஊன்றி எழுந்து, நான் கேட்பதற்கு முன்பே டீ ஆற்ற ஆரம்பித்தார். வேண்டாம், முதலில் இதைப் பாருங்கள் என்று நீல நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். விரலை வைத்து மெதுவாகப் படித்தார். புரியவில்லை. வாயால் சொன்னேன். கண்ணாடி என்றால் என்ன, எதற்கு ஒட்டுவது, உடைந்தால் என்ன செய்திருக்க வேண்டும், நான் என்ன செய்தேன், எல்லாம் சொன்னேன். சுவர் 18-ஆம் தேதியே நகர்ந்துவிட்டது என்றேன்.

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைக்கவில்லை.

"அப்ப எங்க டிரம்மு இல்லையா?"

"இல்ல. உங்க டிரம் இல்ல."

அடிப்பார், இல்லையென்றால் காறித் துப்புவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். கட்டை தரையில் தட்டும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அவர் என் பக்கமே திரும்பவில்லை, கடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம் போய்க்கொண்டிருந்தார்.

"பேச்சி, ஏ பேச்சி! டிரம்மு இல்லையாம்டி. நம்ம டிரம்மு இல்லையாம்."